சாப்பிட்டதாக எழுதியது

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் இடது முழங்காலைத் தவிர. உன்னிடம் நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்று தெரிந்துதானே எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் உனக்குச் சர்க்கரை என்று சொன்னாயே, அதற்குப் பிறகு கால் மணி நேரம் நான்தான் பேசினேன். நீ "ம்" போட்டுக்கொண்டிருந்தாய். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். பதினொரு "ம்", இரண்டு "சரிக்கா". "உன் தம்பிக்குப் போன்ல வாய் வராது. பள்ளிக்கூட விடுதியில இருந்தப்ப பக்கம் பக்கமா எழுதுவான்னு நீதானே சொல்லுவ? எழுதிக் கேளேன்" என்றார். பள்ளி வேன் ஓட்டுகிறவரும் எப்போதாவது நல்ல யோசனை சொல்வதுண்டு.

அறுபத்திரண்டு பெண்கள் தங்கியிருக்கும் விடுதியின் சமையலறையை இருபது வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவள் நான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வடித்துக் கொட்டுகிறவளின் சொந்தத் தம்பி, எதை எவ்வளவு தின்பது என்று தெரியாமல் நோயை வாங்கி வைத்திருக்கிறான் என்றால் எனக்குத்தானே கேவலம். அதனால் கேட்டுக்கொள். சோற்றைப் பாதியாக்கு. காயை இரண்டு மடங்காக்கு. டீயில் சர்க்கரை வேண்டாம். தனியாக இருக்கிறவன் சட்டியிலிருந்தே அள்ளித் தின்பான், எனக்குத் தெரியும். தட்டில் போட்டு, உட்கார்ந்து சாப்பிடு. என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று பட்டியல் எழுதி அனுப்பு.

கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுத மாட்டேன் என்று அத்தானுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நாற்பத்தாறு ஒன்றும் பெரிய வயதில்லை என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். "ம்" என்று மட்டும் எழுதி அனுப்பினால் நேரில் வந்து நிற்பேன்.

உன் அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தான் சுகமா? நான் மோசமில்லை.

டாக்டரைப் பார்த்துவிட்டேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவராக இருப்பார் அந்த அம்மா. மூன்று மாதச் சராசரி ஒன்பது புள்ளி இரண்டு இருக்கிறது, ஆறரைக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். ஒரே ஒரு மாத்திரை, காலைச் சாப்பாட்டுக்கு முன்னால். மற்றதைச் சாப்பாட்டாலேயே சரிசெய்யலாமாம். ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். அதுதான் தட்டு. பாதித் தட்டு காய், கால் தட்டு சோறு அல்லது ரொட்டி, மீதிக் காலில் பருப்போ முட்டையோ மீனோ. அந்தத் தாளைக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இரண்டு வருஷமாகவே உடம்பு கனமாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். காலையில் கண் விழித்தால் நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிற மாதிரி. "சர்க்கரை ஏறினா அசதி இருக்கத்தான் செய்யும். அது குறைஞ்சா எல்லாம் சரியாயிடும்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது அக்கா. சோம்பேறித்தனம் என்று நானே என்னைத் திட்டிக்கொண்டிருந்ததற்கு ஒரு நோயின் பெயர் கிடைத்ததே.

வேலை வழக்கம்போல. பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் பழைய லிப்ட். மூன்றாம் மாடியில் கதவைத் திறக்கும், மூடாது. எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தோம், பழுது எதுவும் இல்லை. என் கூட்டாளி நெட்டை, "அதுக்கு இஷ்டமில்ல, விட்டுரு" என்கிறான். ஆறடி இரண்டு அங்குலம் இருக்கிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவன் பெண்டாட்டியே நெட்டை என்றுதான் கூப்பிடுகிறாள்.

ஒன்று கேட்க வேண்டும். அப்பாவுக்கு எந்த வயதில் ஆரம்பித்தது, எப்படி முடிந்தது என்று டாக்டர் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்போது நான் வெளியூரில் விடுதியில் இருந்தேன், பன்னிரண்டு வயது. லீவுக்கு வந்தபோது அப்பா சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது. நீ எழுது.

அத்தானுக்கு என் அன்பைச் சொல்.

தம்பி


பிப்ரவரி 5

அன்புத் தம்பிக்கு,

அக்கா. நாங்கள் சுகம். உன் கடிதம் வந்த அன்று சமையலறையில் பெரிய அடுப்பு மக்கர் செய்தது. ஆனாலும் இரண்டு தடவை படித்தேன்.

நீ கேட்டதற்கு: அப்பாவுக்குச் சர்க்கரைதான். சர்க்கரையில்தான் போனார். டாக்டரிடம் அப்படியே சொல்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். முட்டைக்கோஸை வேகவைத்துப் பிழியாதே, சத்தெல்லாம் தண்ணீரோடு போய்விடும். கடலை, பயறு வகைகளை முந்தின நாளே ஊறப்போடு. வெள்ளரி, தக்காளி, வெங்காயம் வெட்டி எலுமிச்சை பிழிந்து வைத்துக்கொள், முதலில் அதைச் சாப்பிட்டால் சோறு தானாகக் குறையும். பழம் வேண்டுமானால் கொய்யா. மாம்பழத்தைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடு. மதியச் சாப்பாட்டை வேலைக்கு எடுத்துப் போ; கடையில் தின்னாதே. உன் பழைய டப்பாவின் மூடி சரியாக மூடாது, புதிது வாங்கு.

பட்டியல் எங்கே? ஜனவரி போய்விட்டது.

வேளைக்குச் சாப்பிடு, வேளைக்குத் தூங்கு.

அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலமும் அப்படியே இருக்க வேண்டும். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உட்கார்ந்து எழுத நேரம் அமையவில்லை.

பட்டியல் கேட்டாய். இந்த வாரம்:

திங்கள்: காலை ஏழரைக்கு இரண்டு ரொட்டி, அவித்த முட்டை ஒன்று. மதியம் ஒரு மணிக்கு ஒரு கப் சோறு, முட்டைக்கோஸ், பருப்பு. மாலை ஐந்துக்குக் கொய்யாப்பழம் ஒன்று. இரவு எட்டுக்கு ரொட்டி இரண்டு, பீன்ஸ்.

செவ்வாய்: காலை அதேபோல். மதியம் ஒரு கப் சோறு, கீரை, மீன் ஒரு துண்டு. மாலை ஐந்துக்கு வெள்ளரி. இரவு எட்டுக்குப் பயறு ஒரு கப், தக்காளி.

புதன் முதல் ஞாயிறு வரை தனித்தாளில் இருக்கிறது. எடை நான்கு கிலோ குறைந்திருக்கிறது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன்.

சிரிக்கிற மாதிரி ஒன்று. முந்தாநாள் காய்கறிக் கடையில் கத்தரிக்காய் எடுப்பதா பீர்க்கங்காய் எடுப்பதா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். கடைக்கார அம்மா, "என்னங்க, எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். பார்த்தால் இருபது நிமிஷம் ஆகியிருக்கிறது. ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன். ஒரு காயை எடுப்பதில் என்ன இருக்கிறது என்று எனக்கே புரியவில்லை.

அத்தானைக் கேட்டதாகச் சொல். கவலைப்படாதே.

தம்பி


மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

அக்கா. உன் பட்டியலைப் பார்த்த சந்தோஷத்தில் முழங்கால் வலிகூட மறந்துவிட்டது.

அடேயப்பா, என்ன ஒழுங்கு. சின்ன வயதில் கீரையைத் தட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தவனா இது என்று அத்தான் கேட்கிறார். பட்டியலைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டேன். விடுதியில் ஒரு பெண், கணக்குப் பாடம் படிக்கிறவள், பத்தொன்பது வயதில் சர்க்கரை என்று அழுதுகொண்டிருந்தாள். "பாரும்மா, லிப்ட் ரிப்பேர் பண்ணிக்கிட்டு, தனியா சமைச்சு, என் தம்பி எப்படிச் சாப்பிடுறான் பாரு" என்று காட்டினேன். அவள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டாள்.

கத்தரிக்காய் விஷயத்தைக் கேட்டு விடுதியே சிரித்தது. இரண்டையும் வாங்க வேண்டியதுதானேடா.

இப்படியே இரு. மறக்காமல் எழுது.

பெருமையோடு,
அக்கா


ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நடுவில் நீ போட்ட இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தினமும் நினைத்தேன்.

மூன்று மாத ரத்தப் பரிசோதனை வந்தது. ஆறு புள்ளி மூன்று. டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து கை கொடுத்தார். வெளியே காத்திருந்தவர்களிடம் என்னைக் காட்டி, "இவரைப் பாருங்க, சாப்பாட்டுலயே குறைச்சிட்டு வந்திருக்காரு" என்றார். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன சாப்பிட்டீங்க தம்பி, கொஞ்சம் சொல்லுங்க" என்று கேட்டார். பஸ் வருகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

குறைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜனவரியில் சொன்னார். குறைந்துவிட்டது. நெஞ்சின்மேல் உட்கார்ந்திருப்பது இன்னும் இறங்கவில்லை. சொன்னால் நம்புவாயா, இன்னும் கனமாக இருக்கிறது. அப்படியென்றால் அது சர்க்கரை இல்லையா? வேறு என்ன? எனக்கு ஒரு குறையும் இல்லையே. வேலை இருக்கிறது, கூரை இருக்கிறது, யாரோடும் சண்டை இல்லை. காரணம் இல்லாத ஒன்றை டாக்டரிடம் என்னவென்று சொல்வது? அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

மறுபடியும் கேட்கிறேன். அப்பா ஏன் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தார்?

இந்த வாரப் பட்டியல் இத்துடன் இருக்கிறது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

தம்பி


மே 4

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். நான் உங்கள் தம்பியோடு வேலை செய்கிற நெட்டை. நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். "அக்காவுக்குப் போன் பண்ணாதடா" என்று உங்கள் தம்பி சொல்லிவிட்டான். கடிதம் எழுதாதே என்று சொல்லவில்லை.

முதலில் ஒன்று: இப்போது அவன் நன்றாக இருக்கிறான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்துவிட்டான். என் வீட்டில்தான் இருக்கிறான்.

புதன்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். அவன் லிப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று கம்பிக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மேலே மெஷின் அறையில். ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் பெட்டி நின்றது. "இறக்கவா?" என்று கத்தினேன். "இன்னும் மணி அடிக்கல சார்" என்றான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். மறுபடி கேட்டேன். "வீட்டுப்பாடம் முடிக்கல சார்" என்றான். விளையாட்டு இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஆறாம் மாடிக்கு ஓடி வந்து கதவைத் திறந்து பார்த்தால், கூரைமேல் குந்தி உட்கார்ந்திருக்கிறான். சட்டை பிழிகிற மாதிரி வேர்வை. என்னைப் பார்க்கிறான், யார் என்று தெரியவில்லை. ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஐந்து மாடிப் பள்ளம் அக்கா. எப்படியோ இழுத்து வெளியே போட்டேன். வாட்ச்மேன் டீக்காக வைத்திருந்த சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றினோம். பத்து நிமிஷத்தில், "ஏண்டா என்னை நனைச்ச?" என்றான்.

சாப்பிடாமல் மாத்திரை போட்டதால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் சண்டை போட்டேன். "அவன் தினமும் டப்பா கொண்டாறான் சார், ஒரு மணி அடிச்சா டப்பாவோட மொட்டை மாடிக்குப் போயிருவான், எனக்குத் தெரியாதா" என்றேன். பிறகு அவன் பையை எடுக்கப் போனேன். டப்பாவைத் தூக்கினேன், கனமே இல்லை. திறந்தால் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. புது டப்பா. அதில் ஒரு நாளாவது சோறு பட்டிருக்குமா என்று சந்தேகம். மூன்று மாதமாகக் காலி டப்பாவைச் சுமந்துகொண்டு மாடிக்குப் போய் வந்திருக்கிறான்.

ஏன் என்று கேட்டேன். "தெரியலடா" என்றான். பொய் சொல்கிற மாதிரி இல்லை.

நீங்கள் பெரியவர்கள், உங்களுக்குப் புரியும். எனக்குப் புரியவில்லை.

உங்கள் உடல்நலம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நெட்டை


மே 7

தம்பி,

நெட்டையின் கடிதம் இன்று காலை வந்தது. அவர் குடும்பம் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். வரும் வியாழக்கிழமை நான் அங்கே வருகிறேன். அறுபத்திரண்டு பேரையும் துணைச் சமையல்காரியிடம் விட்டுவிட்டேன். ஆனால் ஒரு விஷயத்தை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வருகிறது.

நீ சாப்பிடவில்லை என்று எனக்கு முன்பே தெரியும். ஏப்ரல் பட்டியலைப் படித்த அன்றே தெரிந்துவிட்டது. சாப்பிடுகிற பெண்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள்: உப்பு இல்லை, காய் வேகவில்லை, நேற்றுப் போட்டதையே இன்றும் போடுகிறீர்கள். ஒன்றும் சொல்லாமல் தட்டைக் கழுவி வைக்கிறவளைத்தான் நான் பின்னாலேயே போய்ப் பார்ப்பேன். உன் பட்டியலில் ஒரு நாள்கூட ரொட்டி தீயவில்லை. ஒரு நாள்கூட மீன் நாறவில்லை. தெரிந்தும் பத்து நாள் அந்தத் தாளை அரிசி டின்னுக்குள் வைத்து மூடி வைத்தேன். ஏன் தெரியுமா? எனக்கு அந்தப் பட்டியல் புதிது இல்லை. முதலில் அதை எழுதியவள் நான்.

அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது உண்மை. அது வந்து பல வருஷம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு ஒரு நாள் ஆலைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. கேட்டால், "ஒண்ணுமில்லம்மா" என்பார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சர்க்கரைதான் இப்படிப் படுக்க வைக்கிறது என்று ஊரே சொன்னது. அம்மா வேலைக்குப் போய்விடுவாள், மதியத் தட்டை நான்தான் கொண்டுபோவேன். முதலில் கெஞ்சினேன். ஊட்டிப் பார்த்தேன். ஒரு நாள், "நீயே சாப்பிட்டுரும்மா. அம்மாகிட்ட சொல்லாத, பாவம், அழுவா" என்றார். நான் சாப்பிட்டேன். எனக்கு இருபது வயது, எப்போதும் பசி. அம்மா வந்ததும், "இன்னிக்கு நல்லா சாப்பிட்டாரும்மா, ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினாரு" என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. நாலு மாதம், தினமும் புதிதாக ஒன்று சொன்னேன்.

மாத்திரையை மட்டும் அவர் தவறவிடவில்லை. ஒரு மதியம் எழுப்பினேன், எழவில்லை. சர்க்கரை இறங்கிவிட்டது என்றார் டாக்டர். எல்லோரும் "சர்க்கரையில் போனார்" என்றார்கள். அது பொய்யும் இல்லை.

வியாழக்கிழமை காலை வண்டி. நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். வந்தால் இதைப் பற்றிப் பேசாதே.

அக்கா


ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக ஊர் போய்ச் சேர்ந்தது அத்தான் சொல்லித் தெரிந்தது. இங்கே நான் இருக்கிறேன். இப்போதைக்கு அப்படித்தான் சொல்ல முடியும்.

நீ இருந்த பதினைந்து நாளும் அந்தக் கடிதத்தைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஜன்னல் கம்பியைக்கூடத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறாய். நேரில் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

ஏன் சாப்பிடவில்லை என்று நெட்டை கேட்டான், நீ பார்வையாலேயே கேட்டாய். சத்தியமாகத் தெரியவில்லை. முதலில் பயம். எதைத் தின்றால் எவ்வளவு ஏறும் என்று எதைத் தொட்டாலும் பயம். அப்புறம் பயமும் இல்லை. காய் வாங்க வேண்டும், கழுவ வேண்டும், நறுக்க வேண்டும், அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக நினைப்பேன். அடுப்புக்கு வருவதற்குள் களைத்துப் போய்ப் படுத்துக்கொள்வேன். உனக்குப் பட்டியல் எழுதும்போது மட்டும், அப்படிச் சமைத்துச் சாப்பிடுகிற ஒருவன் இந்த அறையில் இருக்கிற மாதிரி இருந்தது. அவனை எனக்குப் பிடித்திருந்தது.

நீ கூட்டிக்கொண்டு போன மனநல டாக்டரிடம் இதுவரை நான்கு முறை போயிருக்கிறேன். கேள்வி கேட்டுவிட்டு, நான் பதில் சொல்கிற வரை அவசரப்படாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாக வேண்டும் என்று நினைத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, தெரியவில்லை என்றேன். அதை எழுதிக்கொண்டார், முகம் மாறவில்லை. நான் கேட்டேன்: "எது முதல்ல வந்துச்சு டாக்டர், சர்க்கரையா மனசா?"

"தெரியாதுங்க. ரெண்டும் ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டுப் போகும். எது முதல்லன்னு கண்டுபிடிச்சிட்டுத்தான் வைத்தியம் பார்க்கணும்னு இல்ல."

அவரும் சர்க்கரை டாக்டரும் போனில் பேசிக்கொண்டார்கள். பழைய மாத்திரையை நிறுத்திவிட்டு, அப்படி ஒரேயடியாக இறக்காத வேறு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். மனசுக்கு ஒன்று தனி. சாப்பாட்டுக்கு ஆலோசனை சொல்கிற அம்மா, "யோசிக்காம செய்யக்கூடிய சாப்பாடு மூணு சொல்லுங்க, அது போதும்" என்றார். முட்டையும் ரொட்டியும், பயறும் தக்காளியும், சோறும் பருப்பும் ஒரு காயும். அந்த ஒரு காயையும் நெட்டையின் மனைவி நறுக்கியே அனுப்பிவிடுகிறார். நல்ல நாள், கெட்ட நாள் எதுவானாலும் இந்த மூன்றுதான். தேர்ந்தெடுக்கிற வேலை இல்லை என்றதும் பாதிக் கனம் குறைந்த மாதிரி இருக்கிறது. சில நாள் அதுவும் முடிவதில்லை. முடியாத நாளை, முடியவில்லை என்றே குறித்து வைக்கிறேன்.

இனி அப்பா விஷயம். இதற்குப் பதில் சொல்ல நம் குடும்பத்தில் என்னைவிடத் தகுதியானவன் இல்லை அக்கா. அந்தச் சுவரை நான் பார்த்திருக்கிறேன். தட்டோடு யாராவது வந்தால், அதை எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றுதான் இருக்கும். எடுத்துப் போகிறவர்மேல் கோபமே வராது, நன்றியாகத்தான் இருக்கும். நீ அதைச் சாப்பிட்டாய் என்பதில் அவருக்குச் சந்தோஷம்கூட இருந்திருக்கும், ஏதோ ஒன்று வீணாகாமல் போனதே என்று. நீ அம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியவில்லை. நெட்டை உன்னிடம் சொன்னதால் நான் இருக்கிறேன், அதையும் மறைக்க முடியாது. இரண்டும் உண்மை. இதை எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

முழங்காலைப் பார்த்துக்கொள். படி ஏறாதே.

தம்பி


ஜூலை 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா. சுகம்தான்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத நாலு முறை உட்கார்ந்தேன். ஐந்தாவது முறை அத்தான் வந்து, "என்ன, எழுதுறதும் கிழிக்கிறதுமா இருக்க?" என்றார். அப்பாவின் தட்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கல்யாணம் ஆகி இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக. அவர் வேன் சாவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே கேட்டார். "இருபது வயசுப் பிள்ளைக்குப் பசிக்கத்தானே செய்யும்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பிள்ளைகளை ஏற்றப் போய்விட்டார்.

அந்த ஒரு வாக்கியத்தை முப்பத்து நாலு வருஷமாக எனக்கு யாரும் சொல்லவில்லை. நான்தான் யாருக்கும் வாய்ப்புக் கொடுக்கவில்லை.

கணக்குப் படிக்கிற பெண்ணிடம், சுவரில் இருக்கும் பட்டியல் பொய் என்று சொன்னேன். "எனக்குத் தெரியும் ஆன்ட்டி, என்னால ஒரு நாள்கூட அப்படிச் சாப்பிட முடியல. எனக்குத்தான் கட்டுப்பாடு இல்லன்னு நினைச்சு அழுதுட்டு இருந்தேன்" என்றாள். இப்போது அவளும் நானும் உட்கார்ந்து அவளுக்கு முடிந்ததை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

நீ முடியாத நாளையும் எழுது. அதை முதலில் படிப்பேன்.

அக்கா


செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கு ஊசி போட்டதாக அத்தான் சொன்னார். வலி குறைந்ததா? இங்கே மழை பிடித்திருக்கிறது. வேறு குறை இல்லை என்று எழுத வந்தேன். ஆனால் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

ஆகஸ்டில் ஒரு வாரம் மறுபடியும் மோசமாகப் போயிற்று. நெட்டை வீட்டுக் கதவைத் தட்ட நான்கு நாள் ஆனது. தட்டினேன். டாக்டர் மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கூட்டினார். இப்போது கட்டிலை விட்டு எழ இருபது நிமிஷம் ஆகிறது. முன்பு இரண்டு மணி நேரம். இது குணமாவதா, பழகிப்போவதா என்று கேட்டேன். இன்னும் சில மாதம் போனால்தான் தெரியும் என்கிறார்.

நேற்று சர்க்கரை டாக்டரிடம் போனேன். ஏழு புள்ளி நான்கு. ஏப்ரலில் ஆறு புள்ளி மூன்றாக இருந்தது ஏறிவிட்டது. அந்த அம்மா தாளை இரண்டு தடவை பார்த்தார்.

"என்னங்க, ஏறியிருக்கே. என்ன ஆச்சு?"

"சாப்பிடுறேன் டாக்டர்" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பேனாவை வைத்துவிட்டார். பிறகு மெதுவாக, "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். கண்டிப்பாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி. சொன்னேன். முட்டை, ரொட்டி, பயறு. ஞாயிற்றுக்கிழமை நெட்டை வீட்டில் கொஞ்சம் அதிகமாகவே சோறு. ஒரு நாள் அரை மாம்பழம். அதைச் சொல்லும்போது உன் முகம் நினைவுக்கு வந்தது. அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "சோத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனா இப்ப வேணாம், அடுத்த மாசம் பார்ப்போம்" என்றார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். எண் ஏறியதில் பயமாக இருந்தது. பயம் வந்ததே என்று ஒரு பக்கம் ஆச்சரியமாகவும் இருந்தது, ஏப்ரலில் எனக்கு எதுவுமே வரவில்லை. இந்த ஏழு புள்ளி நான்குக்காக என்னைத் திட்ட வேண்டுமா, தட்டிக்கொடுக்க வேண்டுமா என்று அந்த டாக்டருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நீ யோசித்து எழுது.

மணி ஒன்றாகப் போகிறது. நெட்டை மாடிப்படியில் உட்கார்ந்து, "வர்றியா, உன்னோடதையும் சேர்த்துத் தின்னட்டுமா?" என்று கத்துகிறான். தின்றாலும் தின்றுவிடுவான். இதோடு நிறுத்துகிறேன்.

தம்பி